பராகோமினாஸ்: காடழிப்பு கறுப்பு லிஸ்ட்ல விழுந்த ஊர் ரெண்டு வருஷத்துல வெளிய வந்த கதை

எந்த ஊர், ஏன் இந்த ஊர்

பிரேசில்ல பாரா மாநிலத்துல பராகோமினாஸ்னு ஒரு முனிசிபாலிட்டி இருக்கு. முனிசிபாலிட்டின்னதும் நாலு வார்டு, ஒரு பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சுடாதீங்க, பரப்பளவு 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, குவைத் நாட்டை விட பெருசு. நடுவுல ஒரு டவுன், மீதி எல்லாம் பண்ணையும் காடும் தான். 2008 ஜனவரியில மத்திய அரசு வெளியிட்ட காடழிப்பு லிஸ்ட்ல 36 முனிசிபாலிட்டி இருந்துச்சு, அதுல இதுவும் ஒண்ணு. 2010 மார்ச்ல அந்த லிஸ்ட்டை விட்டு முதல்ல வெளிய வந்ததும் இதே ஊர் தான்.

காடு கண்காணிப்புன்னு பேச்சு எடுத்தா எல்லாரும் நேரா சேட்டிலைட்ல போய் நின்னுடறாங்க, என்ன ரெசல்யூஷன், எத்தனை நாளுக்கு ஒரு தடவ சுத்தி வருது, இப்படியே போகும். பிரேசில்ல அந்தப் படம் 1988லேர்ந்தே இருக்கு. படம் இருந்தும் இருபது வருஷம் மரம் விழுந்துக்கிட்டே தான் இருந்துச்சு, அப்புறம் திடீர்னு குறைஞ்சுச்சு. அந்தப் படத்தோட என்ன போய் சேந்துச்சுன்னு பாக்க இதை விட தெளிவான ஊர் எனக்கு தெரிஞ்சு இல்ல. யாரோட பேரும் போடல, மேயர், பண்ணைக்காரங்கன்னு பதவியை வச்சே சொல்லிட்டு போறேன்.

பின்னணி: மாடு, மரம், கரி

ஊர் பேர்லயே பாதி சரித்திரம் இருக்கு. பாரா, கோயாஸ், மினாஸ் ஜெராயிஸ்ங்கற மூணு மாநிலத்துப் பேரையும் ஒட்டவச்சு உண்டாக்கின பேரு அது. 1950கள் முடியுற நேரத்துல மாநிலத் தலைநகர் பெலெம்லேர்ந்து நாட்டுத் தலைநகர் பிரேசிலியாவுக்கு ரோடு போட்டாங்க, ரோட்டோட குடியேற்றம் வந்துச்சு, 1965ல முனிசிபாலிட்டி ஆச்சு. அப்போ அரசாங்கமே மானியமும் சலுகை கடனும் குடுத்து மாட்டுப்பண்ணை போடச் சொன்ன காலம். காட்டை வெட்டி புல்லு போட்டா தான் நிலத்துக்கு உரிமை கேக்க முடியும், சும்மா மரத்தோட விட்டு வச்சா அது கேப்பார் இல்லாத நிலம். இன்னிக்கு நாம காடழிப்புன்னு சொல்றதை அன்னிக்கு அங்க இருந்தவங்க "நிலம் திருத்துறது"ன்னு பெருமையா தான் சொல்லியிருப்பாங்க, அதை மறந்துட்டு பின்னாடி நடந்த கோவத்தை புரிஞ்சுக்க முடியாது.

அங்க மண்ணுக்கு சத்து கம்மி. காட்டை எரிச்ச சாம்பல்ல மொதல்ல சில வருஷம் புல்லு நல்லா வரும், அப்புறம் களை ஏறி மேய்ச்சல் படுத்துரும். அதை திருத்த காசு வேணும். 80கள்ல அந்தக் காசு மிச்சம் நின்ன காட்டுல இருந்து வந்துச்சு, மரத்தை சா மில்லுக்கு வித்தா மேய்ச்சல் நிலத்தை திரும்ப உழுது புல்லு போட்டுக்கலாம். 90 வாக்குல மரம் அறுக்குறதுல பிரேசில்லயே பெரிய ஊர்கள்ல ஒண்ணா ஆயிடுச்சு. மில்லுல மிஞ்சுற துண்டு, சிலாம்பு, அது பத்தலைன்னா காட்டு மரமே, எல்லாம் கரிமூட்டத்துக்கு போகும், கரி தெக்க இருக்குற இரும்பு உருக்குற ஆலைகளுக்கு போகும். 2000க்கு அப்புறம் பழைய மேய்ச்சல் நிலத்துல சோயாவும் வந்துச்சு. 2007ல பாக்சைட் சுரங்கம் ஆரம்பிச்சாங்க.

காடழிப்புக்கு காரணம் என்னன்னு வட்டம் போட்டு, மாடு இத்தனை சதவீதம், மரம் இத்தனை சதவீதம்னு கலர் அடிச்சு காட்டுவாங்கல்ல, அதை பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் தான் ஞாபகம் வரும். இங்க மாட்டுக்கு மரம் காசு குடுத்துச்சு, மில்லு போட்ட ரோடுல கரிக்காரன் போனான், வெட்டவெளி ஆன நிலத்துல டிராக்டர் இறங்குச்சு. எது எத்தனை சதவீதம்னு எப்படி பிரிக்கிறது? 2008ல காடு ஏறக்குறைய 45 சதவீதம் போயிருந்துச்சு, மிச்சம் இருந்ததுலயும் பெரும்பகுதி ஒரு தடவயாவது மரம் எடுத்த காடு.

மேல இருந்து பாத்த கண்ணு

பிரேசிலோட விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இன்பே. அவங்ககிட்ட ரெண்டு கண்காணிப்பு இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கிட்டா மீதி கதை விளங்காது. ப்ரோடெஸ் வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்குற கணக்கு. லேண்ட்சாட் மாதிரி சேட்டிலைட்டோட, பிக்சல் 30 மீட்டர் இருக்குற படத்தை வச்சு, மேகம் கம்மியா இருக்குற காஞ்ச மாசங்கள்ல எடுத்து, ஆகஸ்ட்லேர்ந்து அடுத்த ஜூலை வரைக்கும் ஒரு வருஷம்னு கணக்கு போடுவாங்க. 6.25 ஹெக்டேருக்கு கீழ இருக்குற துண்டு அதுல வராது. முழுசா மொட்டை அடிச்ச இடம் மட்டும் தான் எண்ணிக்கை, நல்ல மரத்தை மட்டும் பொறுக்கி வெட்டி எடுத்த காடு அதுல காடாவே நிக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

டெடெர் 2004ல வந்தது. இது எச்சரிக்கைக்கு, கணக்குக்கு இல்ல. அப்போ மோடிஸ் சென்சார், பிக்சல் 250 மீட்டர், சுமார் 25 ஹெக்டேருக்கு மேல வெட்டினா தான் கண்ணுல படும். படம் மங்கல் தான், அதுக்கு பதிலா அடிக்கடி கிடைக்கும், மரம் விழுந்துக்கிட்டு இருக்கும்போதே இபாமாங்கற சூழல் அமலாக்க துறைக்கு தகவல் போயிடும். (பின்னாடி 2015 வாக்குல டெடெரை மேம்படுத்தினப்போ நம்ம இந்தியாவோட ரிசோர்ஸ்சாட் சேட்டிலைட்ல இருக்குற அவிஃப்ஸ் சென்சார் படத்தையும் தான் எடுத்துக்கிட்டாங்க, 3 ஹெக்டேர் துண்டு வரைக்கும் பிடிக்க ஆரம்பிச்சுது. நம்ம ஆளுங்களுக்கே இது நெறைய பேருக்கு தெரியாது.)

2004ல அமேசான்ல ஒரே வருஷத்துல 27,772 சதுர கிலோமீட்டர் காடு போச்சு. அந்த அதிர்ச்சியில மத்திய அரசு ஒரு செயல்திட்டம் கொண்டு வந்துச்சு, எண்ணிக்கை இறங்கி 2007ல 11,651க்கு வந்துச்சு. எல்லாரும் மூச்சு விட்டாங்க. அப்போ தான் 2007 ஆகஸ்ட்லேர்ந்து டிசம்பர் வரைக்குமான டெடெர் எச்சரிக்கை வந்துச்சு, அஞ்சு மாசத்துல 3,235 சதுர கிலோமீட்டர். மழை ஆரம்பிக்கிற மாசங்கள்ல இவ்வளவு வந்தது யாரும் எதிர்பாக்காதது. சோயா அதிகமா விளையுற பக்கத்து மாநிலத்து கவர்னர் இந்த நம்பரே தப்புன்னு சண்டைக்கு வந்தாரு, இன்பே ஆளுங்க நேர்ல போய் பாத்து சரிபாக்க வேண்டியதாச்சு. எண்ணிக்கை ஏறினா எண்ணுறவனை திட்டுறது அங்க புதுசு இல்ல, 2019லயும் இதே தகராறு வந்து இன்பே தலைவர் பதவியே போச்சு. ரெண்டு தடவயும் நம்பர் தப்புன்னு ஆகல, ஏன்னா படமும் மேப்பும் இன்டர்நெட்ல யார் வேணா எடுத்துப் பாக்குற மாதிரி கிடந்துச்சு.

2008 ஜனவரி: லிஸ்ட்ல பேரு

2007 டிசம்பர்ல ஒரு ஆணை, அடுத்த மாசமே 36 முனிசிபாலிட்டி பேரோட லிஸ்ட். அமேசான்ல முன்னத்த வருஷம் நடந்த காடழிப்புல பாதி கிட்ட இந்த 36ல தான். லிஸ்ட்ல வந்தா என்ன ஆகும்? புதுசா வெட்ட அனுமதி வாங்குறது நடக்காத காரியம் ஆயிடும். சட்டத்துக்கு விரோதமா வெட்டின நிலத்துக்கு தடை போடுவாங்க, தடை போட்ட நிலத்தோட விவரம் வெளிப்படையா போடுவாங்க, அங்க விளைஞ்சதை வாங்குறவனும் கூட்டு குற்றவாளி. இது போதாதுன்னு 2008 பிப்ரவரி கடைசியில இன்னொரு முடிவு வந்துச்சு, அமேசான் பகுதி முழுக்க, நிலப் பத்திரமும் சூழல் பேப்பரும் சரியா இல்லன்னா ஜூலைலேர்ந்து விவசாய கடன் கிடையாதுன்னு. கூடவே போலீஸும் இபாமாவும் சேந்து ஆர்கோ டி ஃபோகோன்னு பெரிய ரெய்டு நடவடிக்கையை பாரா மாநிலத்துல இறக்கிட்டாங்க. மில்லுக்கு சீல், கரிமூட்டம் இடிப்பு, மரம் பறிமுதல்.

பராகோமினாஸ்ல இதோட அர்த்தம் நேரா வயித்துல விழுந்துச்சு. சா மில் மூடினா வேலை போகும், லோன் வரலன்னா மாட்டுக்காரனும் சோயாக்காரனும் அடுத்த பருவத்துக்கு விதை வாங்க முடியாது, ஊர் பேரு கெட்டா வெளிய இருந்து வாங்குறவன் தள்ளி நிப்பான்.

பிப்ரவரி: சண்டையா, ஒத்துப் போறதா

மத்த ஊர்கள்ல பெரும்பாலும் முதல் ரியாக்‌ஷன் எதிர்ப்பு தான். தைலாந்தியான்னு, தாய்லாந்துங்கற அர்த்தத்துல பேரு வச்ச பக்கத்து ஊர் ஒண்ணு, அங்க அந்த பிப்ரவரியில ரெய்டுக்கு எதிரா கலவரமே ஆச்சு. பராகோமினாஸ் மேயர் வேற மாதிரி யோசிச்சாரு. விவசாயிகள் சங்கம், மில் முதலாளிங்க, வியாபாரிங்க, தொழிலாளர் சங்கம்னு எல்லாரையும் ஒரே இடத்துல உக்கார வச்சாரு. பிப்ரவரி முடியுறதுக்குள்ள 50க்கு மேற்பட்ட அமைப்புகள் கையெழுத்து போட்டு, இனி இந்த முனிசிபாலிட்டியில காடழிப்பு பூஜ்யம்னு ஒரு ஒப்பந்தம்.

இது மனசு மாறி எடுத்த முடிவுன்னு எனக்கு தோணல, கணக்கு போட்டு எடுத்த முடிவு. காரணங்களை பாருங்க. இது பழைய எல்லை, அதாவது காட்டை வெட்டிக்கிட்டு குடியேற்றம் எப்பவோ வந்து சேந்த இடம், வெட்டுறதுக்கு நல்ல நிலம் இருந்த காலம் கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு, ஏற்கனவே வெட்டின நிலத்துல பாதி சும்மா களை மண்டி கிடக்கு. பெரிய பண்ணைக்காரனுக்கு இனிமே ஆதாயம் புது காட்டுல இல்ல, லோன்ல, சோயாவுல, நல்ல விலைக்கு விக்கிற மாட்டுல இருக்கு. அதுக்கு ஊர் பேரு சுத்தமா இருக்கணும். நஷ்டம் யாருக்குன்னா மில்லுல கூலிக்கு இருந்தவனுக்கும் கரி போடுறவனுக்கும், அவங்க சார்பா மேஜையில எவ்வளவு பேர் இருந்தாங்கங்கறது வேற கேள்வி. இந்த ஊரை மாதிரியா எடுத்துக்கிட்டு புது எல்லையில, காடு இன்னும் 90 சதவீதம் நிக்கிற இடத்துல, அதே திட்டத்தை அப்படியே போட்டவங்க இந்த வித்தியாசத்தை கவனிச்ச மாதிரி தெரியல.

மாசாமாசம் வந்த மேப்

பெலெம்ல இமாசோன்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு இருக்கு, அரசாங்கம் சாராதது, டெடெருக்கு இணையா தனியா ஒரு எச்சரிக்கை கண்காணிப்பு நடத்துறவங்க. அவங்களோட மேயர் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு. மாசத்துக்கு ஒரு தடவ முனிசிபாலிட்டிக்குள்ள எங்க புதுசா வெட்டியிருக்குன்னு மேப்பும் இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையும் முனிசிபாலிட்டி ஆபீஸுக்கு வந்துடும். உள்ளூர் சுற்றுச்சூழல் பிரிவு ஆளுங்க ஜிபிஎஸ்ஸோட வண்டி எடுத்துட்டு போய் பாப்பாங்க, என்ன பாத்தாங்கன்னு திருப்பி எழுதுவாங்க.

கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா அதுவரைக்கும் காட்டு மேப்புங்கறது 1,500 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பிரேசிலியாவுல பாத்துட்டு ஹெலிகாப்டர்ல வந்து இறங்குற சமாச்சாரம், உள்ளூர்க்காரனுக்கு அது எதிரி கையில இருக்குற பேப்பர். இப்போ அதே பேப்பர் உள்ளூர் ஆபீஸ் மேஜைக்கு வந்துச்சு, ரோடு தெரிஞ்சவன், எந்த கேட்டு யாரோடதுன்னு தெரிஞ்சவன் போய் பாக்குறான். மேல இருந்து பாத்தா வெறும் இளஞ்சிவப்பு திட்டு தான். அது புது மேய்ச்சலா, கரிமூட்டமா, பழைய புதர்க்காட்டை திரும்ப உழுததா, தீயாங்கறது கால்ல நடந்து போனா தான் தெரியும்.

திட்டுக்கு சொந்தக்காரன் யாரு

போய் பாத்துட்டு வந்தவங்களுக்கு அடுத்த தலைவலி, இது யாரோட நிலம். இங்க தான் எனக்கு இந்த கேஸோட உயிர்நாடி இருக்கு. அமேசான்ல நிலப் பத்திரம்ங்கறது நம்ம வில்லங்க சர்டிபிகேட் எல்லாம் தோத்துப்போற அளவுக்கு சிக்கல், ஒரே நிலத்துக்கு மூணு பத்திரம், பத்திரத்துல எல்லை "ஓடையிலேர்ந்து பெரிய மரம் வரைக்கும்". மேப்ல திட்டு தெரியுது, அபராதம் போட பேரு வேணும், பேரு இல்ல.

அதுக்கு தான் கிராமப்புற சூழல் பதிவேடு, சுருக்கமா சி.ஏ.ஆர். நிலத்துக்காரன் தானே வந்து தன்னோட எல்லையை ஜிபிஎஸ் புள்ளிகளோட பதிவு பண்ணணும், அதுக்குள்ள காடு எங்க, ஆத்தங்கரை எங்க, வெட்டின இடம் எங்கன்னு காட்டணும். இது பட்டா கிடையாது, உரிமை குடுக்காது, "இந்த துண்டுக்கு நான் பொறுப்பு"ன்னு ஒத்துக்கறது மட்டும் தான். அமேசான் காட்டு நிலத்துல 80 சதவீதத்தை காடாவே வச்சிருக்கணும்ங்கறது சட்டம், அதை யார் மீறியிருக்காங்கன்னு தெரிய ஆரம்பிச்சதே இந்த பதிவேடு வந்த அப்புறம் தான்.

லிஸ்ட்லேர்ந்து வெளிய வர மத்திய அரசு வச்ச முக்கியமான நிபந்தனை ரெண்டு. வருஷ காடழிப்பு 40 சதுர கிலோமீட்டருக்குள்ள வரணும். பதிவு பண்ணக்கூடிய தனியார் நிலப்பரப்புல 80 சதவீதம் சி.ஏ.ஆர்.ல ஏறணும். இந்த ரெண்டாவது நிபந்தனையை யாரு யோசிச்சாங்களோ, கெட்டிக்காரங்க. முதல் நிபந்தனை மட்டும் இருந்தா மழை பெஞ்சு மாட்டு விலை இறங்கினாலே ஒரு வருஷம் தப்பிச்சுடலாம். எல்லா பண்ணைக்கும் கோடு போட்டு பேரு எழுதுறது அப்படி அதிர்ஷ்டத்துல நடக்காது. அதோட, பக்கத்து பண்ணைக்காரன் பதிவு பண்ணலன்னா என்னோட லோனும் நிக்குதுன்னு ஆனதும், அவனை தள்ளிக்கிட்டு வர்ற வேலையை விவசாயிகள் சங்கமே எடுத்துக்கிச்சு. மேப் போடுறதுக்கு தி நேச்சர் கன்சர்வன்சிங்கற இயற்கை பாதுகாப்பு அமைப்பு கூட இருந்து உதவினாங்க.

பண்ணைக்காரங்க சுலபமா வரல. பதிவு பண்ணா என் கையாலேயே என் மேல கேஸ் எழுதி குடுக்குற மாதிரின்னு பயம், நியாயமான பயம் தான். அதை தாண்டி வந்ததுக்கு காரணம் லோன், கூடவே சீக்கிரம் வந்த இன்னொரு அடி, அதை கீழ சொல்றேன்.

2008 நவம்பர், ஒரு ஞாயித்துக்கிழமை

ஒப்பந்தம் போட்டு ஒன்பது மாசம். மேயர் அக்டோபர் தேர்தல்ல திரும்ப ஜெயிச்சிருந்தாரு. நவம்பர்ல இபாமா ஆளுங்க மரம் ஏத்தின லாரிகளை மடக்கினாங்க, மரம் வந்தது ஆல்டோ ரியோ குவாமாங்கற டெம்பே பழங்குடி மக்களோட நிலத்துலேர்ந்து. அந்த நிலம் 1993லயே அவங்களுக்குன்னு முறைப்படி அறிவிச்சது, சுமார் 2,79,000 ஹெக்டேர், உள்ள ஆக்கிரமிப்பும் மரத் திருட்டும் வருஷக்கணக்கா நடந்துக்கிட்டிருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை கூட்டம் கூடுச்சு. இபாமா ஆபீஸை அடிச்சு நொறுக்கி கொளுத்தினாங்க, வண்டிங்க எரிஞ்சுது, பிடிச்சு வச்ச லாரிங்களை ஓட்டிக்கிட்டு போயிட்டாங்க, அதிகாரிங்க தங்கியிருந்த ஹோட்டலையும் தாக்க போனாங்க. நாடு முழுக்க டிவியில ஓடுச்சு. பூஜ்ய காடழிப்புன்னு கையெழுத்து போட்ட ஊர் இது தானான்னு எல்லாரும் கேட்டாங்க.

அன்னிக்கு மேயருக்கு சுலபமான வழி ஒண்ணு இருந்துச்சு. வெளியூர் அதிகாரிங்க ஜனங்களை சீண்டினாங்க, வேலை இழந்தவன் கோவத்துல பண்ணிட்டான்னு ஒரு அறிக்கை விட்டா ஊர்ல கைதட்டல் தான் கிடைச்சிருக்கும். அவரு ஊர் தலைவர்களை கூப்பிட்டு, வன்முறையை கண்டிச்சு, நாட்டுக்கிட்ட மன்னிப்பு கேட்டு, ஒப்பந்தத்தை திரும்ப உறுதி பண்ணி ஒரு கடிதத்துல எல்லாரும் கையெழுத்து போடணும், இல்லன்னா நான் ராஜினாமா பண்ணிட்டு போறேன்னு நின்னாரு. போட்டாங்க.

இதை ஒரு ஹீரோ கதையா சொல்றவங்க நெறைய. எனக்கு வேற ஒண்ணு முக்கியமா படுது. பிப்ரவரியில கையெழுத்து போட்டப்போ யாருக்கும் எதையும் விட்டுக்குடுக்க வேண்டியிருக்கல, பேப்பர்ல பூஜ்யம்னு எழுதுறதுக்கு என்ன செலவு. நவம்பர்ல தான் ஊருக்குள்ளயே ரெண்டு கோஷ்டி தெளிவா பிரிஞ்சுது, லோனும் பேரும் வேணும்ங்கற பண்ணை கோஷ்டி ஒரு பக்கம், திருட்டு மரத்துல ஓடுற மில்லும் கரியும் மறு பக்கம். மேயர் முதல் பக்கத்துல நின்னாரு, அந்தப் பக்கம் தான் பலமாவும் இருந்துச்சு. அதுக்கப்புறம் மிச்சம் இருந்த மில்லுங்க வரிசையா மூடிக்கிட்டே போச்சு.

2009: கறிக்கடை பக்கத்துலேர்ந்து வந்த அடி

மேல சொன்ன இன்னொரு அடி இது. 2009 ஜூன் வாக்குல பாரா மாநிலத்து மத்திய அரசு வழக்கறிஞர்கள், காட்டை அழிச்ச பண்ணைங்க மேலயும் அவங்ககிட்ட மாடு வாங்கின இறைச்சி கம்பெனிங்க மேலயும் கேஸ் போட்டாங்க, வாங்குற சூப்பர்மார்க்கெட்டுங்களுக்கும் நோட்டீஸ் போச்சு. க்ரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பும் அதே சமயத்துல ஒரு அறிக்கை விட்டு உலகம் முழுக்க பேச்சாக்குச்சு. ஜூலையில பெரிய கம்பெனிங்க, சி.ஏ.ஆர். இல்லாத பண்ணைக்கிட்ட மாடு வாங்க மாட்டோம்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. பண்ணைக்காரன் பயம் ஒரே மாசத்துல பக்கம் மாறிடுச்சு, அதுவரைக்கும் பதிவு பண்ணா ஆபத்துன்னு இருந்தவன் பதிவு பண்ணலன்னா மாடு விக்காதுன்னு ஓடி வந்தான்.

2010 மார்ச், அதுக்கப்புறம்

பதிவு 80 சதவீதம் தாண்டுச்சு, 2009 கணக்குல காடழிப்பு 40க்குள்ள வந்துச்சு, 2010 மார்ச்ல லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்தாங்க. அடுத்த வருஷம் பாரா மாநில அரசு இதையே மாதிரியா வச்சு பசுமை முனிசிபாலிட்டி திட்டம்னு மாநிலம் முழுக்க ஆரம்பிச்சுது. 2012ல காட்டுச் சட்டம் மாறினப்போ சி.ஏ.ஆர். நாடு முழுக்க கட்டாயம் ஆச்சு. பராகோமினாஸ்ல சில பண்ணைங்க மேய்ச்சலை திருத்தி, அதே நிலத்துல அதிக மாடு வளத்து காட்டுற முயற்சியும் நடந்துச்சு.

இந்த வெற்றியில எவ்வளவு இந்த ஊரோடது? அதே வருஷங்கள்ல அமேசான் முழுக்க இறங்கிக்கிட்டு தான் இருந்துச்சு, 2008ல 12,911 சதுர கிலோமீட்டர், 2009ல 7,464, 2012ல 4,571. லிஸ்ட், கடன் தடை, ரெய்டு எல்லாம் எல்லா ஊருக்கும் தான். அதனால பராகோமினாஸ்ல இறங்கினது முழுக்க மேயரோட ஒப்பந்தத்தாலன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஊர் சேந்து நின்னதால சாதிச்சது பதிவேடு அவ்வளவு வேகமா முடிஞ்சது தான்.

படத்துல விழாதது

முதல்ல சொன்னேன்ல, ப்ரோடெஸ் மொட்டை அடிச்ச இடத்தை மட்டும் தான் எண்ணும்னு. நல்ல மரமா பாத்து பொறுக்கி எடுத்துட்டு போனா ரெண்டு மூணு வருஷத்துல மேல இலை மூடிக்கும், படத்துல பச்சை. ஒரு தடவ தீ உள்ள புகுந்து போன காடும் கொஞ்ச நாள்ல பச்சை. இன்பேயே 2008லேர்ந்து சிதைவுக்குன்னு தனியா மேப் போட ஆரம்பிச்சாங்க, ஆனா லிஸ்ட், அபராதம், லோன் எல்லாம் மொட்டை கணக்குல தான் தொங்குச்சு.

2016ல நேச்சர் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, அதுக்கான களம் பராகோமினாஸும், அதே மாநிலத்துல இருக்குற சான்டரெமும். மரம், பறவை, சாணி வண்டுன்னு வகைவகையா எண்ணிப் பாத்தாங்க. காடு 80 சதவீதம் நிக்கிற பகுதியில கூட, அதாவது சட்டம் கேக்குற அளவுக்கு காடு இருக்குற இடத்துல கூட, உயிரினங்களுக்கு நேர்ந்த இழப்புல வெட்டினதால போனதை விட மரம் எடுத்ததாலயும் தீயாலயும் சிதைஞ்சு போனது தான் அதிகம். சட்டப்படி சுத்தமான பண்ணை, மேப்ல முழு பச்சை, உள்ள போனா வெளிச்சம் தரை வரைக்கும் விழுது, கொடி மண்டிக்கிடக்கு, பெரிய மரம் இல்ல.

25 ஹெக்டேர் கோடும் அப்படித்தான். டெடெர் கண்ணுக்கு எது தெரியும்னு தெரிஞ்சுபோன அப்புறம், அமேசான் முழுக்க பெரிய துண்டா வெட்டுறது குறைஞ்சு சின்ன துண்டுங்களோட பங்கு ஏறுச்சு.

மாட்டு ஒப்பந்தத்துலயும் ஒரு ஓட்டை. கம்பெனி கேக்குறது கடைசியா வித்த பண்ணையோட பேப்பரை மட்டும். கன்னுக்குட்டி ஒரு தடை போட்ட பண்ணையில பொறந்து வளந்து, கடைசி சில மாசம் சுத்தமான பண்ணைக்கு மாறிட்டா அதுவும் சுத்தம் தான்.

திரும்ப செஞ்சா எதை மாத்தணும்

லிஸ்ட்டை விட்டு வெளிய வர நிபந்தனையில சிதைவை சேத்திருக்கணும், இது என்னோட முதல் குறை. மேப் அப்பவே இருந்துச்சு, நிபந்தனையில இல்ல, அதனால யாரும் அதை கவனிக்க வேண்டிய கட்டாயம் இல்லாம போச்சு.

சி.ஏ.ஆர். தானே சொல்லி பதிவு பண்றது, சரிபாக்குறது பின்னாடி. பதிவு வேகமா ஓடணும்னா அது வேணும் தான், நான் ஒத்துக்கறேன். ஆனா சரிபாக்குற ஆளும் காசும் பதிவோட சேந்து வரல. கோடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குற பதிவுங்க வருஷக்கணக்கா அப்படியே நிக்குது, பொது நிலத்தை வளைச்சவன் கூட பதிவு பண்ணிட்டு அதை பத்திரம் மாதிரி காட்டுறான். பேரு ஒட்டுறதுக்கு கண்டுபிடிச்ச கருவியே பொய் பேரு ஒட்டவும் பயன்படுது.

மில்லு மூடினப்போ அங்க இருந்த கூலிக்காரனுக்கு என்ன வழிங்கறது ஒப்பந்தத்துக்கு முன்னாடி பேசியிருக்க வேண்டிய விஷயம். நவம்பர்ல தீ வச்சதை நியாயப்படுத்தல. ரெய்டுக்கு தேதி குறிச்சவங்களுக்கு வேலை போற கணக்கும் தெரிஞ்சிருக்கும், அதுக்கு ஏற்பாடு மட்டும் பின்னாடி தான் வந்துச்சு, வந்ததும் போதல.

ஊருக்குள்ளயே மேப்பை குடுத்து, ஊர் ஆளே போய் பாத்து எழுதின அந்த மாசாந்திர ஏற்பாட்டை மட்டும் நான் எதுவும் மாத்த மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சேப்பேன், டெம்பே ஆளுங்களுக்கும் அதே மேப் மாசாமாசம் போயிருக்கணும். ஒப்பந்தம், பதிவேடு, நிபந்தனை எல்லாமே தனியார் நிலத்தை சுத்தி தான் ஓடுச்சு, 80 சதவீத கணக்குல பழங்குடி நிலம் வராது. நவம்பர் ஞாயித்துக்கிழமைக்கு காரணமான அந்த மரம் வந்த நிலத்துலேர்ந்து ஆக்கிரமிப்பாளர்களை வெளியேத்துற நடவடிக்கையை மத்திய அரசு 2023 மே மாசத்துல தான் நடத்துச்சு, ஊர் பேரு லிஸ்ட்டை விட்டு போய் பதிமூணு வருஷம் கழிச்சு.